லுவாங்வா ஆற்றங்கரையில் ஓர் இரவு

எங்கள் மூத்த மகள் ஜாம்பியா நாட்டின் தலைநகரான லுசாக்காவில் குடித்தனம் நடத்தி வருகிறாள். 2025ஆம் ஆண்டு செப்டம்பரில் நானும் என் மனைவியும் அவளைக் காணச் சென்றிருந்தோம். லுவாங்வாவைப் பாராமல் திரும்பக்கூடாது என்று மருமகப் பிள்ளை பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். டில்லியில் நாற்பது ஆண்டுகளைக் கோப்புகளுக்கிடையே கழித்தவன் நான். விலங்குகளை நான் அறிந்ததெல்லாம் மிருகக்காட்சிசாலைக் கம்பிகளுக்கு அப்பால்தான். ஆயினும் இசைந்தேன்.

லுசாக்காவிலிருந்து கிழக்கே சிப்பாட்டா நகர் வரை ஒரு பகல் முழுதும் மோட்டார்ப் பயணம். அவ்வூர்க் கடைவீதியில் குஜராத்தி மொழி காதில் விழுந்தது. அங்கே இரவு தங்கி, மறுநாள் ம்ஃபுவே வழியாக ஆற்றை அடைந்தோம்.

நாட்டின் வடகிழக்கு மலைகளில் பிறக்கும் லுவாங்வா, எழுநூறு கிலோமீட்டருக்கும் மேல் ஓடி ஜாம்பெசிப் பேராற்றில் கலக்கிறது. மழைக்காலத்தில் கரைபுரண்டு பாதைகளை எல்லாம் மூழ்கடித்துவிடும். ஆதலால் ஆற்றோரத்து ஓலை விடுதிகளிற் பல, மழைக்கு முன் பிரிக்கப்பட்டு, நிலம் காய்ந்தபின் மீண்டும் கட்டப்படுகின்றன. நாங்கள் தங்கியதும் அத்தகையதே. ஆறும் ஓரிடத்தில் நிற்பதில்லை. வெள்ளந்தோறும் கரையை அரித்து வழி மாறுகிறது. அது கைவிட்ட பழைய வளைவுகள் பிறைவடிவக் குளங்களாகத் தேங்கிக் கிடக்கின்றன.

நாங்கள் கண்டது வறண்ட காலத்து ஆறு. பரந்த மணலின் நடுவே ஒடுங்கிய நீர். எஞ்சிய மடுக்களில் நீர்யானைகள் நெருக்கியடித்துக் கிடந்தன. செங்குத்தான மண்கரையில் செந்நிறப் பஞ்சுருட்டான் பறவைகள் நூற்றுக்கணக்கில் வளை தோண்டிக் குடியிருந்தன. அவை ஒருசேர எழும்பியபோது கரையே சிவந்து பறந்ததுபோல் இருந்தது. வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி, தொலைவில் நிழலில் கண்ணயர்ந்த சிங்கம் எல்லாம் கண்டோம். அவற்றை நேயர்கள் படங்களிலேயே பார்த்திருப்பீர்கள். நான் சொல்ல வந்தது ஒரு புளியமரத்தைப் பற்றி.

எங்கள் குடிசைக்கும் உணவுக்கூடத்திற்கும் இடையே அம்மரம் நின்றது. என் மனைவி அதைக் கண்டதும் உறவினரைக் கண்டாற்போல் அருகே சென்று அடிமரத்தைத் தொட்டுப் பார்த்தாள். ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் ஓராண்டுப் புளியைக் கட்டிக்கொண்டு வருகிறவர்கள் அல்லவா நாம்! புளிக்கு அரபு மொழி வழங்கிய பெயர் 'இந்தியப் பேரீச்சை' என்று பொருள்படும். ஆனால் அம்மரத்தின் தாயகம் வெப்ப ஆப்பிரிக்கா என்பதே தாவர நூலார் முடிவு.

விடுதியில் இரண்டு கட்டளைகள். இருட்டியபின் விளக்கேந்திய காவலர் துணையின்றி நடத்தல் ஆகாது. தின்பண்டம் எதையும் குடிசையில் வைத்தல் ஆகாது. மகள் கட்டிக்கொடுத்த சிற்றுண்டிப் பொட்டலங்களைச் சமையற்காரரிடம் ஒப்படைத்தோம்.

அன்றிரவு என் மனைவி காவலருடன் குடிசைக்குச் சென்றாள், சால்வை எடுக்கவும் மாத்திரை விழுங்கவும். அவளுக்கு நீரிழிவு உண்டு. மாத்திரைக்குப் பின் அரைமணிக்குள் உண்ணாவிடில் தலைசுற்றி மயங்கிவிடுவாள். அவளை உள்ளே விட்டுத் திரும்பிய காவலர் என்னிடம் வந்து, "பாம்போ, அமர்ந்திருங்கள். மரத்தடியில் யானை வந்திருக்கிறது" என்றார். 'பாம்போ' என்பது அவ்வூர் நியாஞ்சா மொழியில் பெரியவரை அழைக்கும் சொல். தாய்க்கு 'அமாய்' என்பர். என் மனைவியை அங்கே எல்லோரும் அப்படித்தான் அழைத்தார்கள்.

நான் நிலைகொள்ளாமல் எழுந்தேன். ஜீப்பைக் கிளப்பி விரட்டலாமே என்றேன். "கன்றுடன் நிற்கிறது. விரட்டினால் ஓடாது, பாயும்" என்றார். அரைமணி கழிந்தது. குடிசைச் சன்னலில் விளக்கு எரிந்தது. ஆனால் ஆள் அசையவில்லை. நான் உரக்கக் கூப்பிட வாயெடுத்தேன். காவலர் என் கையைப் பற்றி நிறுத்தினார். அந்தப் பிடியில் மரியாதையும் இருந்தது, கண்டிப்பும் இருந்தது.

பின்னர் அவர் தாழ்ந்த குரலில் பேசினார், என் மனத்தை வேறுபக்கம் திருப்புவதற்காகவே இருக்கலாம். 1950ஆம் ஆண்டில், நாடு வட ரொடீசியாவாக இருந்தபோது, ந்செஃபு என்ற குலத்தலைவர் தம் மக்களின் நிலத்தில் ஒரு பகுதியை விலங்குகளுக்கென ஒதுக்கினார். நார்மன் கார் என்ற வனக்காவல் அதிகாரியுடன் சேர்ந்து, காண வருவோருக்குச் சில குடிசைகளை அமைத்தார். வருவாய் ஊராருக்கு என்பது ஏற்பாடு. 1972இல் தென் லுவாங்வா தேசியப் பூங்காவாயிற்று. இன்று காவலரின் சம்பளமும் எங்களைப் போன்றோர் தரும் பணத்திலிருந்தே.

"அப்படியானால் யானை உங்களுக்குச் சோறு போடுகிறது" என்றேன்.

"போடுகிறது; பறிக்கவும் செய்கிறது. 2024இல் மழை பொய்த்தது. என் தாயார் வயலில் பிழைத்தது கொஞ்சம் மக்காச்சோளம். அதை ஓரிரவில் யானைகள் தின்றுவிட்டன. நீங்கள் ஓர் இரவு காத்திருக்கிறீர்கள், பாம்போ. என் தாயார் அடுத்த அறுவடைவரை காத்திருந்தார்."

எனக்கு விடை சொல்லத் தோன்றவில்லை. ஒன்பதரை மணிக்கு மேல் யானை தன் கன்றுடன் ஆற்றில் இறங்கிற்று. உணவுத் தட்டை ஏந்திக்கொண்டு காவலர் பின்னால் விரைந்தேன்.

அவள் கட்டிலில் அமர்ந்து சன்னல் வலைவழியாக மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "புளியம்பழத்தை ஓட்டோடு தின்கிறது, கொட்டையைத் துப்பவே இல்லை!" என்றாள். கைப்பையின் அடியில் இரண்டு கடலை உருண்டைகளை ஒளித்து வைத்திருந்தாளாம். அவையே அவளைக் காத்தன. நான் மகிழ்ந்தேன். காவலர் மகிழவில்லை. "அமாய், அதன் மணம் பட்டிருந்தால் இந்த ஓலைச்சுவர் நிற்குமா?" என்று கேட்டார். அவள் தலைகுனிந்தாள். அவளைக் குறைசொல்ல எனக்கு வாயெழவில்லை. காவலர் சொன்னதும் முற்றிலும் சரி.

திரும்பும் வழியில் அவர் வேண்டுகோளின்படி அவருடைய சிற்றூரில் இறங்கினோம். அவர் தாயார் ந்ஷிமா பரிமாறினார்; மக்காச்சோள மாவில் கிளறிய கெட்டிக் களி, கீரையுடன். தானியக் குதிரருகே கருங்கட்டிகள் அடுக்கியிருந்தன. மிளகாய்த்தூளை யானைச் சாணத்துடன் பிசைந்து உலர்த்தியவை. இரவில் கொளுத்தினால் அந்தக் கார நெடிக்கு யானை அணுகுவதில்லையாம்.

பக்கத்தில் ஒரு பானை நிறைய மிளகாய் வற்றல். என் மனைவி ஒன்றைக் கிள்ளி முகர்ந்து, தன் வீட்டிலும் இது உண்டு என்றாள். உங்கள் ஊரிலும் யானை வருமா என்று மூதாட்டி மகன் வழியாகக் கேட்டார். இல்லை, நாங்கள் உண்பதற்கு என்றாள் இவள். மாதத்திற்கு எவ்வளவு என்று கேட்டபோது இரு கைகளையும் சேர்த்துக் குவித்துக் காட்டினாள்.

மூதாட்டி அந்தக் கைகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்து ஏதோ சொன்னார். மகன் மொழிபெயர்க்கத் தயங்கினார். நான் வற்புறுத்தியபின் சொன்னார்:

"இன்னும் இரண்டு நாள் இங்கேயே இருங்கள் என்கிறார். நீங்கள் வயலோரம் நடந்தாலே போதுமாம்."