பில் வெள்ளைத் தாள் ஆவதற்குள்



போன வாரம் சித்தி வீட்டு ஃப்ரிட்ஜ் குளிரவில்லை. வாங்கி ஆறு வருடம். கம்ப்ரசருக்கு 10 வருட வாரண்டி உண்டு. சர்வீஸ்காரர் பில் கேட்டார். சித்தி பீரோவிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தார். உள்ளே வெறும் வெள்ளைத் தாள்!

கடைகளில் தரும் அந்த வழவழப்பான பில்லில் மையே கிடையாது. தாளில் பூசியுள்ள ரசாயனம் சூடு பட்டால் கருக்கும், அதுதான் எழுத்து. வெயிலிலும் வெப்பத்திலும் நாளடைவில் மங்கிவிடும். சில பிளாஸ்டிக் உறைகளும் எழுத்தை அழித்துவிடும். லேமினேஷன் செய்தாலோ, அந்தச் சூட்டில் தாள் முழுவதும் கருத்துப்போகும்.

ஃப்ரிட்ஜை வாங்கியவர் சித்தப்பா. அவர் இப்போது இல்லை. அவருடைய மொபைல் எண்ணைச் சித்தி மனப்பாடமாகச் சொன்னார். அதை வைத்துக் கடைக்காரர் கணினியில் பில்லைத் தேடிக் கொடுத்தார். கம்ப்ரசர் இலவசமாகக் கிடைத்தது. கேஸ் நிரப்பவும் கூலிக்கும் மட்டும் பணம் கட்டினோம். வாரண்டி அட்டையில் அப்படித்தான் போட்டிருந்தது.

எதை வாங்கினாலும் அன்றைக்கே பில்லையும் வாரண்டி அட்டையையும் போட்டோ எடுத்து, குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் போட்டுவிடுங்கள். வாரண்டி தர மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அதற்கும் பில் கையில் இருப்பது நல்லது.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளே, அடுத்த முறை ஊருக்கு வரும்போது அப்பா அம்மா வைத்திருக்கும் பில்களையும் எடுத்துப் பாருங்கள். எழுத்து தெரியும்போதே போட்டோ எடுத்துவிடுங்கள்.