அக்கரைப் படிப்பு

கல்வி எல்லார்க்கும் பொது என்று மேடைதோறும் பேசுகிறோம், ஏடுதோறும் எழுதுகிறோம். ஆயின், அந்தக் கல்வி எந்த ஊரில் இருக்கிறது, அவ்வூருக்குப் போகப் பேருந்துக் கட்டணம் எவ்வளவு, போன பிள்ளை இரவில் எங்கே தங்கும் என்று கேட்பவர் சிலரே. இக்கேள்விகள் எனக்கு ஏட்டைப் படித்துத் தோன்றியவை அல்ல. 1976ஆம் ஆண்டில், தென் செபராங் பிறையில் நிபோங் திபாலுக்கு அப்பால் இருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தின் லயத்து வாசலில், பால் வெட்டிவிட்டு வந்து உட்கார்ந்த என் தந்தையார் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டவை. அன்று அவருக்கு விடை கூற எங்கள் வீட்டில் ஒருவரும் இல்லை.

பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவே ஒரு படி உண்டு. அதன் பெயர் ஆறாம் படிவம். ஐந்தாம் படிவத்தோடு படிப்பு முடிந்தது என்றே தோட்டத்தில் பலரும் எண்ணியிருந்தனர். அதற்கு மேலும் இரண்டாண்டுகள் பள்ளியிலேயே இருந்து, கல்லூரித் தரத்துப் பாடங்களைக் கற்று, எச்.எஸ்.சி. என்னும் தேர்வை எழுதினால்தான் பல்கலைக்கழகத்தின் கதவு திறக்கும் என்பதை நான் அறிந்தது எங்கள் வரலாற்றாசிரியர் ஒருவர் வாயிலாகத்தான். அவர் சொல்லாதிருந்தால் நானும் பெரட்டுக்கு நின்றிருப்பேன். 1982இல் அத்தேர்வின் இடத்தில் எஸ்.டி.பி.எம். வந்தது. பெயர் மாறிற்று, படியின் உயரம் மாறவில்லை.

தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள். அதன்பின் மொழி பழகுவதற்கென்று புகுமுக வகுப்பில் ஓராண்டு. இடைநிலைப் பள்ளியில் ஐந்தாண்டுகள். இத்தனையும் கடந்து நிற்கும் பிள்ளைக்குப் பதினெட்டு வயதாகிவிடும். தோட்டத்தில் அது சம்பாதிக்கும் வயது. அந்த வயதில், "இன்னும் இரண்டாண்டு படிக்க வேண்டும், அந்த வகுப்பு நம் பள்ளியில் இல்லை, அக்கரைக்குப் போக வேண்டும்" என்று தந்தையிடம் சொல்வது எளிதன்று. நான் சொன்னேன். என் பெரியப்பா பினாங்குத் துறைமுகத்தில் கூலி வேலை செய்து, மார்க்கெட் வீதிக்கு அருகே ஓர் ஒண்டுக் குடித்தனத்தில் இருந்தார். அவர் வீட்டுத் திண்ணையில் எனக்குப் படுக்க இடம் கிடைத்தது. தந்தையார் மாதம் 30 வெள்ளி அனுப்பினார். அப்போது பாலம் இல்லை. அது 1985இல்தான் திறக்கப்பட்டது. பட்டர்வொர்த் வரை பேருந்து, அதன்பின் கப்பல். அப்படித்தான் நான் அக்கரை சேர்ந்தேன்.

அங்கு நான் கற்றது என்ன? அதுவரை ஆசிரியர் சொன்னதை எழுதிக்கொண்டு, எழுதியதை மனனம் செய்து, மனனம் செய்ததைத் தேர்வில் கொட்டுவதே படிப்பென்று எண்ணியிருந்தேன். ஆறாம் படிவத்தில் நான் எழுதிக் கொடுத்த முதற் கட்டுரை திரும்பி வந்தபோது, அதன் ஓரத்தில் ஆசிரியர் சிவப்பு மையால் இரண்டு கேள்விகள் எழுதியிருந்தார். "இதை யார் சொன்னார்? நீ எப்படி அறிந்தாய்?" அந்த இரு கேள்விகளே எனக்குப் பல்கலைக்கழகத்தின் வாயிலாக அமைந்தன. பல்கலைக்கழகத்தில் எவரும் கையைப் பிடித்துக் கொண்டு போவதில்லை. தானே நூலைத் தேடி, தானே ஐயுற்று, தானே தெளிய வேண்டும். அந்தப் பழக்கத்தைப் பள்ளியிலேயே ஊட்டுவதுதான் இந்த இரண்டாண்டுப் படிப்பின் பயன். அது கிட்டாத பிள்ளை, தகுதியிருந்தும் வாயிலைக் காணாமலே திரும்பிவிடுகிறது.

இனி, நான் எழுத வந்ததை எழுதுகிறேன்.

எனக்கு ஒரு தங்கை. என்னைவிட ஓராண்டு இளையவள். நான் மேல் ஆறாம் படிவத்தில் இருந்தபோது அவளுடைய ஐந்தாம் படிவத் தேர்வு முடிவு வந்தது. என்னுடையதைவிட அது நன்றாக இருந்தது. கணக்கில் அவள் பெற்ற தரத்தை எங்கள் பள்ளியில் அந்த ஆண்டு வேறெவரும் பெறவில்லை. அந்த வாரம் நான் வீட்டுக்கு வந்திருந்தேன். இரவுச் சோற்றுக்குப்பின் தந்தையார் சொன்னார்: "வீட்டுக்கு ஒருத்தர் போதும். பொம்பளைப் பிள்ளையை எப்படித் தனியாகக் கடல் தாண்டி அனுப்புவது?" அம்மா ஒன்றும் பேசவில்லை. தங்கை என்னைப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்தேன்.

ஒரு சொல் சொல்லியிருக்கலாம். "நானும் அவளும் ஒன்றாகப் போய் வருகிறோம், பெரியம்மா வீட்டிலே இருப்பாள்" என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் என் 30 வெள்ளி பதினைந்தாகும் என்ற கணக்கு என் மனத்தில் ஓடிற்று. கணக்கில் நான் அவளுக்கு இளைத்தவன்தான். ஆயினும் அந்தக் கணக்கு மட்டும் எனக்குத் தப்பாமல் வந்தது.

பின்பு நடந்ததைக் கேளுங்கள். பினாங்குத் தீவில் பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக வட்டாரம் 1972இல் தொடங்கியிருந்தது. அங்கே மின்னணுத் தொழிற்சாலைகளுக்கு இளம்பெண்கள் ஆயிரக்கணக்கில் தேவைப்பட்டனர். தொழிற்சாலைப் பேருந்து எங்கள் தோட்டத்து முச்சந்திவரை வந்து நின்றது. தங்கை அதில் ஏறினாள். விடியுமுன் புறப்பட்டு, கப்பலில் கடல் தாண்டி, பகல் முழுதும் உருப்பெருக்கிக் கண்ணாடியில் கண்ணை வைத்து, மயிரினும் மெல்லிய கம்பிகளை ஒட்டிவிட்டு, இரவு திரும்பினாள். படிப்புக்குக் கடல் தாண்டக் கூடாத பெண், கூலிக்குக் கடல் தாண்டலாம் என்று ஆயிற்று! அதே கடல், அதே கப்பல், அதே பெண். என் தந்தையார் கொடியவர் அல்லர். வறுமையும் வழக்கமும் சேர்ந்து அவர் வாயில் அந்தச் சொல்லை வைத்தன. ஆனால் நான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது, விடுதிக்கும் புத்தகத்துக்கும் கட்டிய பணம் அவள் கூலியிலிருந்து வந்தது. என் பட்டச் சான்றிதழில் ஒருவர் பெயரே அச்சாகியிருக்கிறது.

அந்தப் பல்கலைக்கழகம் எங்கே இருந்தது தெரியுமா? பினாங்கிலேயே. 1969இல் தோன்றிய அது, சில ஆண்டுகளில் குளுகோர் மேட்டில் மின்டனில் நிலைபெற்று, மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் என்று பெயர் பெற்றது. எங்கள் மாநிலத்துக்கே பல்கலைக்கழகம் வந்துவிட்டது. ஆனால் அதற்கு ஏறும் படி எங்கள் ஊருக்கு வரவில்லை. மாடி கட்டினார்கள், படிக்கட்டைச் சிலர் வீட்டு வாசலில் மட்டுமே வைத்தார்கள்.

பினாங்கில் இது புதிய கதை அன்று. 1816ஆம் ஆண்டு ஹட்சிங்ஸ் பாதிரியார் முயற்சியால் பினாங்கு ஃபிரீ ஸ்கூல் தோன்றிற்று. இன, மத வேறுபாடின்றி எவரும் சேரலாம் என்பதே அப்பெயரின் பொருள். அவ்வாண்டிலேயே அங்குத் தமிழ் வகுப்பும் தொடங்கியதைக் கொண்டே 2016இல் இந்நாட்டுத் தமிழ்க்கல்வியின் 200ஆம் ஆண்டைக் கொண்டாடினோம். 1885இல் அரசி உபகாரச் சம்பளம் ஏற்பட்டது. ஆண்டுக்கு ஓரிருவர் அதைப் பெற்று இங்கிலாந்து சென்றனர். 1896இல் அதைப் பெற்ற பினாங்குச் சீன இளைஞர் வூ லியன் தே, கேம்பிரிட்ஜில் மருத்துவம் கற்று, பின்னாளில் மஞ்சூரியாவில் கொள்ளைநோயைத் தடுத்து உலகப் புகழ் பெற்றார். நகரத்துப் பிள்ளைக்கு மேற்படி அவ்வளவு அருகில் இருந்தது. தோட்டத்துப் பிள்ளைக்கோ, பத்துப் பிள்ளைகள் இருந்தால் ஒரு பள்ளி வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொல்ல வேண்டியிருந்தது. அதுவும் தொடக்கப் பள்ளியோடு நின்றது. தமிழ்ப்பள்ளி இன்றும் ஆறாம் ஆண்டோடே நிற்கிறது.

நம்மவர் உயர்கல்வியை விரும்பவில்லை என்று கூறுவாரும் உளர். அது பொய். 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு உரிய இடம் வேண்டி, கோ. சாரங்கபாணி "தமிழ் எங்கள் உயிர்" என்று நிதி திரட்டினார். தோட்டத் தொழிலாளரும் கூலியிலிருந்து வெள்ளி எடுத்துக் கொடுத்தனர். தாம் ஒருநாளும் நுழையாத நூலகத்துக்கு நூல் வாங்கக் கொடுத்தனர். அவர்களுக்கு விருப்பம் இல்லையா? விருப்பம் இருந்தது, வழி இல்லை.

வழி கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அயல்நாட்டுச் சான்று ஒன்று உண்டு. அமெரிக்காவில் உயர்நிலைப்பள்ளியிலேயே கல்லூரிப் பாடங்களைக் கற்பித்துத் தேர்வு வைக்கும் முறை 1950களில் தொடங்கிற்று. நெடுநாள் அது வசதியுள்ள பள்ளிகளின் உடைமைபோலவே இருந்தது. லாஸ் ஏஞ்சலஸ் நகரின் கிழக்கே, மெக்சிகோவிலிருந்து குடியேறிய தொழிலாளரின் பிள்ளைகள் படித்த கார்ஃபீல்டு பள்ளிக்குப் பொலிவியா நாட்டவரான எஸ்கலாந்தே என்னும் கணக்காசிரியர் வந்தார். இப்பிள்ளைகளுக்கு நுண்கணிதம் ஏறாது என்று பிறர் கூறியதை அவர் ஏற்கவில்லை. 1982இல் அவருடைய மாணவர் 18 பேர் அந்தத் தேர்வில் தேறினர். ஏழைப் பிள்ளைகள் இவ்வளவு நன்றாக எழுத முடியுமா என்று தேர்வு நடத்தியோர் 14 பேர்மீது ஐயுற்றனர். அவர்களுள் 12 பேர் மீண்டும் எழுதினர். பன்னிருவரும் மீண்டும் தேறினர்! மூளைக்கு லயம் என்றும் மாளிகை என்றும் வேறுபாடு இல்லை.

இன்றைய நிலை என்ன? படிகள் பெருகியிருக்கின்றன, குழப்பமும் பெருகியிருக்கிறது. மெட்ரிகுலேசன் கல்லூரிகள் ஓராண்டில் பல்கலைக்கழகத்துக்கு ஆயத்தம் செய்கின்றன. பூமிபுத்திரர் அல்லாதாருக்கு அங்கே பத்து விழுக்காட்டு இடம் 2003இல் திறக்கப்பட்டது. எஸ்.பி.எம். தேர்வில் 10 ஏ பெற்ற எவருக்கும் இன வேறுபாடின்றி அங்கு இடம் உண்டு என்று 2024இல் பிரதமர் அறிவித்தார். நல்லது. ஆனால் ஆறு ஏ பெற்ற பிள்ளை எங்கே போவது? அதற்கு ஆறாம் படிவம் இருக்கிறது. எல்லா இனத்தாரும் எழுதும் ஒரே தேர்வு. அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களும் ஏற்கும் சான்றிதழ். 2012 முதல் மூன்று பருவங்களாகப் பிரித்து எழுதலாம். தமிழையும் ஒரு பாடமாக எடுக்கலாம். அவ்வளவும் இருந்தும், எல்லாப் பள்ளிகளிலும் ஆறாம் படிவம் இல்லை. இருக்கும் பள்ளியிலும் எல்லாப் பாடங்களும் இல்லை. "ஆறாம் படிவம் கடினம்" என்ற ஒரு சொல்லை நம் வீடுகளில் கைமாற்றிக் கைமாற்றிப் பிள்ளைகளை அச்சுறுத்தி, கடன் வாங்கித் தனியார் கல்லூரிக்கு அனுப்புகிறோம்.

ஆதலின் வேண்டுவது மூன்று. முதலாவது, அந்த வகுப்பு பிள்ளை இருக்கும் இடத்துக்கு வர வேண்டும். வர இயலாத ஊரில் பேருந்தும் தங்குமிடமும் வர வேண்டும். இரண்டாவது, ஐந்தாம் படிவ முடிவு வந்தபின் அன்று, நான்காம் படிவத்தில் பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கும் முன்பே, எந்தப் படி எங்கே கொண்டு சேர்க்கும் என்று பெற்றோருக்குத் தமிழில் சொல்ல வேண்டும். கோயில் விழாவுக்கு வீடு வீடாய்ச் செல்லும் நம் சங்கத்தார் இதற்கும் ஒருநாள் வீடு வீடாய்ச் செல்லலாகாதா? மூன்றாவது, ஆணுக்கொரு கணக்கு, பெண்ணுக்கொரு கணக்கு என்பதை ஒழிக்க வேண்டும். இதைச் சட்டம் செய்யாது. சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்திருக்கும் அண்ணன்மாரும் தந்தைமாரும் செய்ய வேண்டும்.

எங்கள் தோட்டம் இன்று இல்லை. மரங்கள் நின்ற இடத்தில் வீடுகளும் தொழிற்கூடங்களும் நிற்கின்றன. என் தங்கை பட்டர்வொர்த்தில் மகன் வீட்டில் இருக்கிறாள். அவள் பேத்தி எஸ்.பி.எம். எழுதி முடித்தாள், மெட்ரிகுலேசனுக்கு மனுப் போட்டாள், கிடைக்கவில்லை. ஆறாம் படிவத்துக்கு அவளுக்குத் தீவில் ஒரு பள்ளியில் இடம் வந்தது. "அவ்வளவு தூரமா? இங்கேயே ஏதாவது ஒரு வேலையில் சேரட்டுமே" என்று மகன் இழுத்தான். நானும் அங்கிருந்தேன். இம்முறை நான் தட்டைப் பார்க்கவில்லை. பேச வாயெடுத்தேன். அதற்குள் தங்கை எழுந்துவிட்டாள்.

"எத்தனை மணிக்குப் பதிய வேண்டும், பாப்பா? நான் கூட்டிக்கொண்டு போகிறேன்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அண்ணே, நீங்களும் வாங்க, வழி உங்களுக்குத்தானே தெரியும்" என்றாள்.

அவள் சொன்னதில் குத்தல் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. ஆனால் வழி தெரிந்தவர்களாகிய நாம் ஒவ்வொருவரும் கேட்க வேண்டிய சொல் அது. தோழர்களே, அக்கரை சேர்ந்தவன் கப்பலைத் திருப்பி அனுப்ப வேண்டும். இக்கரையில் இன்னும் பிள்ளைகள் நிற்கிறார்கள்.