எங்கே பேசுவது?

எங்கள் குழுவில் நடந்த மிக நீளமான சண்டை எந்தச் சொல்லைப் பற்றியும் இல்லை. எங்கே உட்கார்ந்து பேசுவது என்பதைப் பற்றித்தான்.

நாங்கள் ஒரு சொற்பட்டியல் செய்கிறோம். மங்கு, பெரட்டு என்று தோட்டத்துச் சொற்களைத் தட்டினால் கணினி சிவப்புக் கோடு போட்டுத் தப்பு என்கிறது. அந்தக் கோட்டை எடுப்பதுதான் வேலை. லிப்ரெ ஆபிஸும் ஃபயர்ஃபாக்ஸும் எழுத்துப் பிழை பார்ப்பது ஹன்ஸ்பெல் என்ற கட்டற்ற மென்பொருளால். அதற்கு இரண்டு கோப்புகள் போதும். ஒன்றில் சொற்கள், இன்னொன்றில் அவை எப்படித் திரியும் என்ற விதிகள். செய்து முடித்ததை யாரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம்.

ஈப்போவில் மூன்று பேர், பினாங்கில் ஒரு மாணவி, சென்னையில் ஒருவர், ஹட்டனில் ஒருவர். ஏழாவது ஆள் சிலிபினில் எங்கள் அடுக்குமாடியில் இருக்கும் பெரியம்மா. முப்பது வருஷம் பால்மரம் வெட்டியவர். பட்டியலில் பாதிச் சொற்கள் அவர் வாயிலிருந்து வந்தவை.

2023-இல் சண்டை தொடங்கியது. அதுவரை வாட்ஸ்அப்பில்தான் பேசினோம். புதிதாக வருகிறவருக்குப் பழைய பேச்சு எதுவும் தெரியாது. 'மங்கு' மலாய் 'மங்கோக்'கிலிருந்து வந்ததா, பீங்கானைச் சொல்லும் நம்முடைய பழைய மங்குதானா என்று மூன்று தடவை முதலிலிருந்து வாதாடியிருக்கிறோம். பினாங்குத் தங்கைக்கு வேறு தொல்லை. குழுவில் சேர்ந்தால் முன்பின் தெரியாத எல்லாருக்கும் கைப்பேசி எண் தெரிகிறது. "எனக்குச் சொல்லு வேணும், ராத்திரி பதினோரு மணிக்கு ஹாய் வேணாம்" என்றார்.

ஸ்லாக் போகலாம் என்றார் ஒருவர். ஆனால் 2022 செப்டம்பரிலிருந்து இலவசக் கணக்கில் தொண்ணூறு நாள் பேச்சுதான் கண்ணுக்குத் தெரியும். (2024 ஆகஸ்டிலிருந்து ஓராண்டு தாண்டியதை அழித்தே விடுவோம் என்றும் சொல்லிவிட்டார்கள்.) டிஸ்கார்ட் இளைஞர்களுக்குப் பழக்கம்; ஆனால் உள்ளே பேசுவது எதுவும் தேடுபொறியில் வராது. டெலிகிராமின் செயலிக்கு மூலநிரல் உண்டு, வழங்கிக்கு இல்லை. சென்னை நண்பர் மேட்ரிக்ஸ் என்று உறுதியாக நின்றார். அதே 2023 மே மாதம்தான் இந்திய அரசு பதினான்கு செயலிகளைத் தடை செய்தது. அதில் கட்டற்றவையான பிரையரும் எலிமென்டும் இருந்தன. மேட்ரிக்ஸில் பலரும் பயன்படுத்துவது இந்த எலிமென்டைத்தான். "அதுனாலதான் அங்க போகணும்" என்றார் அவர். "அதுனாலதான் பயமா இருக்கு" என்றார் ஹட்டன்காரர்.

இப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது எனக்கு யாஹூ குழுமங்கள் நினைவுக்கு வந்தன. இணையத் தமிழின் ஒரு தலைமுறை அங்கேதான் குடியிருந்தது. மரத்தடி, ராயர் காப்பி கிளப், நம் சுங்கைப் பட்டாணி டாக்டர் ஜெயபாரதி நடத்திய அகத்தியர் எல்லாம் அங்கே இருந்தவைதான். 2019 அக்டோபரில் யாஹூ அறிவித்தது. சில மாதங்களில் பழைய மடல்களை அழித்தது. 2020 டிசம்பர் 15-இல் கதவையே சாத்தியது. தன்னிடம் பிரதி வைத்திருந்தவர் பிழைத்தார்.

பேராக்கில் பிறந்தவர்களுக்கு இது புதுக்கதை இல்லை. லயத்து வீடு கம்பெனியுடையது. கோயில் நிற்கும் மண்ணும் கம்பெனியுடையது. தோட்டம் கைமாறினால் குடும்பம் ட்ரங்குப் பெட்டியோடு வெளியே நிற்கும். சிலிபினிலும் புந்தோங்கிலும் கதவைத் தட்டினால் இந்தக் கதை சொல்ல ஆள் இருக்கும். வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்ற காலத்தில், சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். வெட்டுக்காரர்களிடம் தவணை தவணையாகப் பங்குப் பணம் சேர்த்து, அடுத்த வருஷமே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கினார்கள்.

இதைக் குழுவில் சொன்னதும் சென்னை நண்பருக்கு உற்சாகம். "நாமளும் சொந்த வழங்கி வைப்போம்" என்றார். வழங்கி வாடகை பெரிய செலவில்லை. ஆனால் தோட்டத்தை வாங்கினால் மட்டும் போதாது, காலையில் எழுந்து பெரட்டு எடுக்க ஆள் வேண்டும். பாதுகாப்புத் திருத்தம் வந்த அன்றே போடுவது யார்? நகல் எடுப்பது யார்? ஏழு பேரில் இதெல்லாம் தெரிந்தவர் ஒருவர். அவருக்கும் வேலை, கல்யாணம், குழந்தை.

அப்போதுதான் ஃப்ரீநோட் கதை உதவியது. கட்டற்ற மென்பொருள்காரர்கள் இருபது வருஷத்துக்கும் மேல் கூடிப் பேசிய ஐஆர்சி வலையமைப்பு அது. 2021-இல் நிர்வாகம் ஒருவர் கைக்குப் போனதும், மே 19 அன்று தன்னார்வலர்கள் கூட்டமாக விலகி லிபெரா சாட்டைத் தொடங்கினார்கள். சில வாரங்களில் நூற்றுக்கணக்கான திட்டங்கள் பின்னால் போயின. ஐஆர்சி யாருக்கும் சொந்தமில்லாத நெறிமுறை. பழைய செயலியிலேயே வழங்கி முகவரியை மட்டும் மாற்றினால் போதும். அதனால் எங்கள் கேள்வியும் மாறியது. வீடு யாருடையது என்று கேட்பதோடு, கிளம்பும்போது சாமான்களை எடுத்துக்கொண்டு போக விடுவார்களா என்றும் கேட்கத் தொடங்கினோம்.

அந்தக் கேள்விக்கு ஸுலிப் சரியாக வந்தது. அதுவும் கட்டற்ற மென்பொருள். எங்களைப் போன்ற திட்டங்களுக்கு அவர்கள் வழங்கியிலேயே இலவச இடம் தருகிறார்கள். நாளை வேண்டாமென்றால் பேச்சு முழுவதையும் இறக்கி, அதே மென்பொருளைச் சொந்த வழங்கியில் நிறுவி அங்கே ஏற்றிவிடலாம். ஒவ்வொரு பேச்சுக்கும் தலைப்பு உண்டு. 'மங்கு' என்று தலைப்பிட்டால் மங்கு பற்றிய சண்டை எல்லாம் ஒரே இடத்தில் கிடக்கும்.

பெரியம்மாவின் கைப்பேசியில் அதைப் போட்டுக் கொடுத்தேன். இரண்டு நாள் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தார். "எனக்கு எழுதத் தெரியாமலா இருக்கு? இந்தப் பொடி எழுத்தத் தட்டத்தான் கண்ணு தெரியல. பழைய எடத்துல பேசுனா போதும்ல, அதுல பேசுறேன்."

குரல் பதிவுகள்தான் அவருடைய எழுத்து. அந்தக் குரல் வரமுடியாத இடத்துக்குக் குழு முழுக்கக் குடிபெயர்ந்தால் எங்கள் கொள்கை சுத்தமாக இருக்கும். பட்டியல் காலியாக இருக்கும்.

வாட்ஸ்அப்பை மூடவில்லை. அதில் பெரியம்மாவும் ஈப்போ மூவரும் மட்டும் இருக்கிறோம். மற்றவர்கள் தங்கள் எண்ணைத் தரவேண்டியதில்லை. அவர் பேசுவதை வாரம் ஒருவர் கேட்டு, எழுத்தாக்கி, அவர் சம்மதித்தால் ஒலிப்பதிவையும் சேர்த்து ஸுலிப்பில் உரிய தலைப்பில் போடவேண்டும். மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் இறக்கி, இரண்டு பேர் இரண்டு நாடுகளில் வைத்துக்கொள்கிறோம்.

'பெரட்டு' தலைப்பில் இன்று அவர் குரல் இருக்கிறது. இருட்டோடு எழுந்து, வெளக்கைக் கட்டிக்கொண்டு, பேர் கூப்பிடும்போது 'இருக்கேன்' சொல்லப் போன கதை. அதற்குக் கீழே ஹட்டன்காரர் எழுதியிருக்கிறார்: எங்கள் தேயிலைத் தோட்டத்திலும் இதே சொல்தான். பெயர் போடலாமா என்று பெரியம்மாவைக் கேட்டேன். "என் பேரு எதுக்குடா? சொல்லப் போடு, அது போதும்."

ஒரு வாரப் பதிவை எழுத்தாக்க ஒன்றரை மணி நேரம் ஆகிறது. அதை எந்தச் செயலியும் செய்து தருவதில்லை. தோட்டத்துப் பேச்சைக் கேட்டுப் பழகிய காது வேண்டும். நவம்பர் வரை ஆள் இருக்கிறது. டிசம்பர் இன்னும் காலியாக இருக்கிறது.