உப்பைக் கூட்டவா, குறைக்கவா?

"உப்பைக் குறைங்க. தண்ணி ஒன்றரை லிட்டருக்கு மேல வேண்டாம்" என்றார் ஓசூரில் இதய மருத்துவர். "எழுந்து நின்னா பி.பி. இறங்குது. தண்ணி நல்லா குடிங்க, உப்பு கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை" என்றார் பெங்களூருவில் நரம்பியல் மருத்துவர். இரண்டு சீட்டும் வீட்டில் ஒரே மஞ்சள் பைக்குள் கிடந்தன.

அந்தப் பெரியவர் சிப்காட்டில் முப்பது வருடம் லேத் ஓட்டியவர். ஆறு வருடமாகப் பார்க்கின்சன். போன வருடம் இதயமும் பலவீனமாகிவிட்டது.

இரண்டு மருத்துவர்களும் தவறாகச் சொல்லவில்லை. எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தத்தைத் தாங்கிப்பிடிக்கிற நரம்புகளைப் பார்க்கின்சன் கெடுக்கிறது. அதற்குக் கொடுக்கும் லெவோடோபாவும் அழுத்தத்தைக் கொஞ்சம் இறக்கும். இதயத்துக்கான மாத்திரைகளும், நீர் பிரியக் கொடுக்கும் மாத்திரையும் இன்னும் இறக்கும். எல்லாம் சேர்ந்தால், காலையில் கட்டிலை விட்டு எழுந்ததும் கண் இருட்டிக்கொண்டு வரும். அவருக்கும் வந்தது.

மகன் மருந்துக்கடையில் "தலைசுத்தலுக்கு ஏதாவது குடுங்க" என்று கேட்டு வாங்கி வந்தார். நான்கே நாளில் பெரியவருக்குப் படுக்கையில் புரண்டு படுக்கவும் முடியவில்லை. கொடுத்தது புரோகுளோர்பெரசின். லெவோடோபா மூளையில் எதைக் கூட்டப் பார்க்கிறதோ, அந்த டோபமைனின் வேலையைத்தான் இது தடுக்கும். வாந்திக்குத் தரும் மெட்டோகுளோப்ரமைடும் அப்படியே. டோம்பெரிடோன் மூளையை அவ்வளவாகத் தொடாது. ஆனால் இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கலாம். கடையில் முதல் வார்த்தையாகவே நோயின் பெயரைச் சொல்லிவிடுவது நல்லது.

கால் வீக்கமும் குழப்பும். இதயம் பலவீனமானாலும் வீங்கும். பார்க்கின்சனுக்குத் தரும் அமண்டடினாலும் வீங்கும். மூச்சு வாங்கினாலோ, இரண்டு மூன்று நாளில் எடை இரண்டு கிலோ ஏறினாலோ உடனே மருத்துவரிடம் போக வேண்டும். பயந்துபோய் லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்திவிடக் கூடாது. கடும் காய்ச்சலும் உடல் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

இதற்குப் பிறகு மருமகள் ஒரு நோட்டுப் போட்டார். மாத்திரை நேரம், காலை எடை, பி.பி. 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது இதே மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். அந்தத் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பெண்ணிடம், "நிக்க வச்சும் ஒரு தடவை பாருங்கக்கா" என்று கேட்டார் மருமகள். உட்கார்ந்தால் 130, நின்றால் 98. பொதுவாக 20 குறைந்தாலே கவனிக்க வேண்டும்.

அந்த நோட்டை இதய மருத்துவர் பார்த்தார். நரம்பியல் மருத்துவரிடம் போனில் பேசிவிட்டு, நீர் மாத்திரையைப் பாதியாக்கினார். உப்பைக் கூட்டச் சொல்லவில்லை. கட்டிலின் தலைமாட்டை உயர்த்தச் சொன்னார். எழுந்ததும் இரண்டு நிமிடம் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்த பிறகே நிற்க வேண்டும்.

லெவோடோபாவுக்குச் சாப்பாட்டிலும் ஒரு கணக்கு உண்டு. பருப்பு, முட்டை போன்ற புரதத்தோடு சேர்ந்தால் அது உடம்பில் சரியாக ஏறாது. அதனால் மாத்திரை ஏழு மணிக்கு. ராகிக் களியும் பருப்புக் குழம்பும் ஏழரைக்கு மேல்தான்.

"களி ஆறிப்போவுதே, என்னம்மா!" என்பார் பெரியவர்.

"ஆறட்டும் மாமா. முதல்ல மாத்திரை வேலை செய்யட்டும்."