ஆறு பார்க்காத பெண்கள்

உடன்குடியில் கருப்பட்டி வாங்கிக்கொண்டு திருச்செந்தூரில் ரயிலேறியவளுக்கு, ஸ்ரீவைகுண்டம் வந்ததும் இருப்புக் கொள்ளவில்லை. இறங்கி, தாமிரவருணியைக் கடந்து ஊருக்குள் போனேன்.

அகழி சூழ்ந்த மாளிகையில் வாழ்ந்த சீமைப் பிரபுக்களைக் கதைகளில் படித்திருப்பீர்கள். அவர்களுக்குப் பகைவர் பயம். இங்கே கோட்டைப் பிள்ளைமார் குடும்பங்கள் ஒரு மண் கோட்டைக்குள் வாழ்ந்தன. ஆண்கள் வெளியே போய் வரலாம். பெண்களோ உள்ளேயே பிறந்து, வாழ்க்கைப்பட்டு, கண்ணை மூடினார்கள். அந்நிய ஆடவர் அவர்களைப் பார்க்கக் கூடாது. இத்தனை பக்கத்தில் ஆறு ஓடியும் ஒரு முழுக்குப் போடக் கொடுத்து வைக்கவில்லையே!

'ஐயோ பாவம்' என்று உடனே உச்சுக் கொட்டிவிடாதீர்கள். கமலா கணேஷ் என்ற மானிடவியல் அறிஞர் இவர்களை ஆராய்ந்து 1993-ல் ஒரு நூல் வெளியிட்டார். சொத்தில் இந்தப் பெண்களுக்குப் பாத்தியதை இருந்ததாம். வெளியே தாராளமாக நடமாடிய நம் பாட்டிமார் எத்தனை பேருக்குப் பத்திரத்தில் பெயர் இருந்தது? பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்ததே 1989-ல்தான். ஆனாலும், வாசலைத் தாண்ட முடியாதவளுக்கு வயல் இருந்தென்ன என்று என் மனம் முரண்டு பிடித்தது.

கொள்வினை, கொடுப்பினை எல்லாம் தங்களுக்குள்ளேயே. வீடுகள் குறைந்துகொண்டே வந்தன. கடைசியில் கட்டுப்பாடு தளர்ந்தது; பெண்களும் வெளியே வந்தார்கள். மண் சுவர் மழைக்குக் கரைந்தது.