கலவையின் கணக்கு

வடமராட்சிக் கரையிற் படகு பழுதுபார்த்தல் என்பது, பஞ்சும் குங்கிலியமும் கொண்டு பலகை இடுக்குகளை அடைக்கும் கலப்பற்று வேலையாகவே நெடுங்காலம் இருந்தது. 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்த அன்னபூரணியும் இக்கரையின் வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட பாய்க்கப்பலே. எமது வீட்டுப் படகோ கண்ணாடியிழையால் ஆனது. அதன் அடிப்புறத்து வெடிப்பை இம்முறை எப்பொக்சிப் பிசினால் ஒட்டினோம்.

ஐயா பொலியெஸ்ரர்ப் பிசினைக் கைக்கணக்கிற் கலந்து பழகியவர். அதற்கு ஊக்கி நூற்றுக்கு ஒன்று, இரண்டு பங்கே. குளிருக்குச் சற்றுக் கூட்டலாம், வெயிலுக்குக் குறைக்கலாம். எப்பொக்சி அத்தகையதன்று. அதன் வன்மையாக்கி பிசினோடு இணைந்து தானும் அத்திண்மத்தின் பகுதியாகிவிடுவது. மிகுதியாக ஊற்றினால், மிஞ்சியது இணையத் துணையின்றி உள்ளே கிடந்து ஒட்டை நலிவிக்கும். ஆகவே ஆங்கிலத் தாளை நான் வாசிக்க, ஐயா கோடிட்ட குவளையில் அளந்தார். “நீ என்ன, பரியாரியோ தம்பி?” என்று கேலி செய்தாரேயன்றி, கோட்டை மீறவில்லை.

கலந்தபின் கதைத்துக்கொண்டு நிற்கவும் இயலாது. குவளையிலே திரண்டு கிடந்தாற் தன் வெப்பத்தாலேயே விரைந்து இறுகிவிடும். மெல்லிதாகப் பரப்பினாற்றான் அவகாசம் உண்டு. (தோலுக்கு ஆகாத பொருள். கையுறை அணிய ஐயா இசையவேயில்லை.)

கலப்பற்றுத் தளர்ந்தால் நீர் கசிந்து முன்னரே அறிவிக்கும். ஒட்டு நலிந்தால் அது தகடாகவே பெயரக்கூடும். இரவிலே அப்படகிற் கடலுக்குப் போகிறவர் அண்ணன்.

மறுநாட் காலை ஐயா ஒட்டை நகத்தாற் கீறிப் பார்த்தார், தடம் விழவில்லை. வெயில் எப்பொக்சியை நைக்கும் என்று தாளிற் கண்டமையால், மேலே வர்ணமும் பூசினோம்.