ரெண்டு பாக்கெட் சட்டை

சட்டைக்கு இடது பக்கம் மட்டும் பாக்கெட் வைக்கிற டெய்லருங்க மேல எனக்கு ரொம்ப நாளாக் கோவம். இடது பக்கத்தை பாக்கெட் மறைச்சிடும், அதுல ஒரு சின்ன டைரியைச் சொருகிட்டா இன்னும் பெட்டர். வலது பக்கத்துக்கு என்ன பண்றது? அதனால எப்பவும் ரெண்டு பக்கமும் பாக்கெட், அதுக்கு மேல மூடி, பட்டன் எல்லாம் வச்ச சட்டையாத்தான் தேடுவேன். போலீஸ்காரர் மாதிரி இருக்குன்னு ஆபீஸ்ல ஓட்டுவாங்க. ஓட்டட்டும். வெள்ளைச் சட்டை கிடையாது, டி-ஷர்ட் கிடையாது, கட்டம் போட்டதும் கருப்பும்தான். உள்ள ஒரு இறுக்கமான பனியன், அதுக்கு மேல கை வச்ச பனியன் இன்னொண்ணு. சென்னையில, மே மாசத்துல.

புரியாதவங்களுக்கு நேரா சொல்லிடறேன். எனக்கு மார்பு பெருசு. தொப்பை மாதிரி தொங்குற கொழுப்பு மட்டும் இல்ல, பொண்ணுங்களுக்கு வளர்ற அதே சுரப்பித் திசு. மருத்துவத்துல கைனகோமாஸ்டியான்னு பேரு. பேரு வச்சவர் கேலன், கி.பி. ரெண்டாம் நூற்றாண்டு கிரேக்க வைத்தியர். ஏழாம் நூற்றாண்டுல பால் ஆஃப் ஏஜினான்னு இன்னொருத்தர் இதுக்கு ஆபரேஷன் எப்படிப் பண்றதுன்னே எழுதி வச்சிட்டுப் போயிருக்கார். ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்னாடியே எவனோ ஒருத்தன் மயக்க மருந்துகூட இல்லாம இதுக்குப் போய்ப் படுத்திருக்கான்னா, அவன் ஊர்ப் பசங்க அவனை என்ன பேரு சொல்லிக் கூப்பிட்டிருப்பாங்கன்னு யோசிச்சுப் பார்க்கிறேன்.

என் பேரு 'ஆவின்'. எட்டாவதுல ஆரம்பிச்சது, பன்னிரண்டாவது வரைக்கும் போச்சு. பி.டி. பீரியடுல ஓடச் சொன்னா வயித்து வலி. நோட்டு எப்பவும் நெஞ்சோட அணைச்சபடி. அப்படியே முதுகு வளைஞ்சு போச்சு, "நிமிந்து நடல"ன்னு அம்மா முதுகுல தட்டாத நாளில்ல.

அந்த வயசுல வர்றது அதிசயமே இல்லைங்கிறது வேடிக்கை. வயசுக்கு வர்ற பசங்கள்ல பாதிப் பேருக்குக் கொஞ்சமாவது வீங்கும், தொட்டா வலிக்கும். ஆம்பளை உடம்புலயும் ஈஸ்ட்ரோஜன் உண்டு. டெஸ்டோஸ்டிரோன்ல ஒரு பங்கை அரோமட்டேஸ்னு ஒரு நொதி ஈஸ்ட்ரோஜனா மாத்திக்கிட்டே இருக்கும். பருவ வயசுல ரெண்டுக்கும் நடுவுல தராசு கொஞ்ச நாள் ஒரு பக்கம் சாயும், அவ்வளவுதான். ஆறு மாசம், ஒரு வருஷம், மிஞ்சினா ரெண்டு மூணு வருஷத்துல அடங்கிடும். பச்சைக் குழந்தைக்கும் வரும், அம்மாகிட்ட இருந்து வந்த ஹார்மோன்னால. (சில ஊர்ல பாட்டிமார் குளிப்பாட்டும்போது குழந்தையோட மார்பை அமுக்கிப் பால் எடுப்பாங்களே, அதைத் தயவுசெஞ்சு தடுங்க. சீழ் வச்சிடும். தானாவே போயிடற சமாச்சாரம் அது.) அப்புறம் வயசான காலத்துல வரும். நடுவுல, பதினேழு பதினெட்டைத் தாண்டியும் போகாம உட்கார்ந்துக்கிட்டவங்கதான் என்னை மாதிரி ஆளுங்க.

திருநெல்வேலிக்காரனுக்கு இதுல தனிக் கஷ்டம் ஒண்ணு உண்டு. குற்றாலத்தைக்கூட "எனக்குச் சளி"ன்னு சொல்லித் தப்பிச்சிடலாம். திருச்செந்தூர்ல தப்பிக்க முடியாது. அங்க ஆம்பளைங்க சட்டையைக் கழட்டிட்டுத்தான் உள்ள போகணும். சின்ன வயசுல ஒவ்வொரு வருஷமும் போவோம். கூட்டத்துல வரிசை நகராம நிக்கும், முன்னாடி ஒரு முதுகு, பின்னாடி ஒரு நெஞ்சு, எல்லாரும் வேர்வையில ஒட்டிக்கிட்டு. நான் துண்டை ரெண்டு தோள்லயும் போட்டு முன்னாடி இழுத்துப் பிடிச்சிருப்பேன். விபூதி வாங்கக் கையை நீட்டினா துண்டு விலகும். நீட்டலேன்னா விபூதி கிடையாது. அக்கா பையன் மொட்டைக்கு, தாய்மாமன் மடியில வச்சுத்தான் அடிக்கணும்னு உட்கார வச்சுட்டாங்க. சுத்தி நின்னு சொந்தக்காரங்க மொத்தமும் போன்ல வீடியோ எடுக்குறாங்க. பையன் கத்தின கத்துல எவனும் என்னைப் பார்த்திருக்க மாட்டான்னு நண்பன் சொல்றான். இருக்கலாம். அந்த வீடியோவை நான் இன்னும் பார்க்கலை.

வேலைக்கு வந்த பிறகு கேலி நின்னுடுச்சு. படிச்சவங்க, பார்த்தாலும் சொல்ல மாட்டாங்க. ஆனா உடம்பு மறக்க விடாது. பைக்ல ஓ.எம்.ஆர். காத்துல போனா சட்டை நெஞ்சோட ஒட்டிக்கும், அதனால லேப்டாப் பையை முதுகுல மாட்டாம முன்னாடி மாட்டிக்குவேன். கார்ல சீட் பெல்ட் நடுவுல அழுத்திப் பிரிச்சுக் காட்டும். ஈ.சி.ஆர். ரிசார்ட்டுல டீம் அவுட்டிங்னா, நீச்சல் குளத்துக்கரையில எல்லாரோட பர்ஸுக்கும் போனுக்கும் நான்தான் செக்யூரிட்டி.

இருபத்தஞ்சு வயசுல ஜிம்முல சேர்ந்தேன். "பிரதர், ஜஸ்ட் செஸ்ட் ஃபேட், பெஞ்ச் பிரஸ் போட்டா மூணு மாசத்துல டைட்டாயிடும்"னார் டிரெய்னர். எட்டு மாசத்துல பதினோரு கிலோ குறைச்சேன். கன்னம் ஒட்டிச்சு, தொப்பை போச்சு, இது மட்டும் போகலை. சுத்தி இருந்த கொழுப்பு வடிஞ்சதுல நடுவுல இருந்தது இன்னும் நல்லாத் துருத்திக்கிட்டுத் தெரிஞ்சது! அப்புறம்தான் விஷயமே புரிஞ்சது. வெறும் கொழுப்புன்னா அது வேற, அதைப் போலி கைனகோமாஸ்டியாங்கிறாங்க. அது எடை குறைஞ்சா குறையும். சுரப்பித் திசுன்னா காம்புக்குப் பின்னாடி ரப்பர் வில்லை மாதிரி கையில தட்டுப்படும். அதை எந்தத் தண்டாலும் கரைக்காது. எனக்கு ரெண்டும் கலந்து இருந்திருக்கு. கொழுப்பை எட்டு மாசம் உழைச்சுக் கழட்டினேன், வில்லை அப்படியே உட்கார்ந்திருக்கு.

டாக்டர்கிட்ட போறதுக்கு இன்னும் ஒரு வருஷம் ஆச்சு. எந்த டாக்டர்னே முதல்ல தெரியாது. தோல் டாக்டரா, சர்ஜனா? முதல்ல போக வேண்டியது ஹார்மோன் டாக்டர், அதாவது எண்டோகிரைனாலஜிஸ்ட். ஐம்பது வயசு மதிக்கத்தக்க அம்மா. உள்ள போய் அஞ்சு நிமிஷம் அசிடிட்டி பத்திப் பேசினேன். அவங்க பேனாவை மூடி வச்சுட்டு, "சட்டையைக் கழட்டுப்பா, அதுக்குத்தானே வந்திருக்கே"ன்னாங்க.

என்ன மாத்திரை சாப்பிடறேன்னுதான் முதல் கேள்வி. ஸ்பைரோனோலாக்டோன், சிமெட்டிடின், முடி கொட்டுறதுக்குச் சாப்பிடற ஃபினாஸ்டிரைடுன்னு இதைக் கிளப்பிவிடற மருந்து நிறைய. மனநோய்க்குக் கொடுக்கிற ரிஸ்பெரிடோன் சாப்பிட்ட ஒருத்தர் வழக்குல, 2019ல பிலடெல்ஃபியா ஜூரி ஒண்ணு ஜான்சன் அண்ட் ஜான்சனுக்கு 800 கோடி டாலர் அபராதம் போட்டது. 2020ல நீதிபதி அதை 68 லட்சம் டாலராக் குறைச்சிட்டார். அப்புறம் ஜிம்முல பசங்க ஊசியாப் போட்டுக்கிற ஸ்டிராய்டு. நெஞ்சை விரிக்கணும்னு போடறாங்க, விரியத்தான் செய்யுது :-) 

"பிராய்லர் கோழியாலயா டாக்டர்? எங்கம்மா அதைத்தான் சொல்றாங்க"ன்னு கேட்டேன். சிரிச்சாங்க. அந்தக் கோழி சீக்கிரம் வளர்றது ரகத்தாலயும் தீவனத்தாலயும்தானாம், ஹார்மோன் ஊசி கதையெல்லாம் சும்மா.

கூச்சப்படாம ஒண்ணு சொல்லணும். விதைகளையும் தொட்டுப் பார்ப்பாங்க. ஏன்னா அங்க கட்டி இருந்தாலும் ஹார்மோன் சுரந்து மார்பு வீங்கும். கல்லீரல் கெட்டாலும், சிறுநீரகம் கெட்டாலும், தைராய்டு அதிகமானாலும், க்ளைன்ஃபெல்ட்டர்னு ஒரு எக்ஸ் குரோமோசோம் கூடுதலாப் பிறந்தாலும் வரும். ரெண்டாம் உலகப் போர்ல பட்டினி கிடந்த கைதிகள் விடுதலையாகி நல்லாச் சாப்பிட ஆரம்பிச்சதும் அவங்களுக்கு மார்பு வீங்கின கதையும் உண்டு. பட்டினியில தூங்கின ஹார்மோன் எல்லாம் எழுந்திரிக்கும்போது மறுபடியும் ஒரு பருவ வயசு மாதிரி. ஒரு பக்கம் மட்டும் கல்லு மாதிரிக் கட்டி, காம்புல ரத்தம், அப்படின்னா ஒரு நாளும் தள்ளிப் போடாதீங்க. மார்பகப் புற்றுநோய் வர்றவங்கள்ல நூத்துக்கு ஒருத்தர் போல ஆம்பளைங்கதான்.

எனக்கு ரத்தம் எடுத்தாங்க. டெஸ்டோஸ்டிரோன், ஈஸ்ட்ரடையால், எல்.ஹெச்., புரோலாக்டின், தைராய்டு, கல்லீரல், இன்னும் என்னென்னவோ. அல்ட்ராசவுண்டும் எடுத்தாங்க. எல்லாம் நார்மல். "காரணம் தெரியாத வகை"ன்னு எழுதிட்டாங்க. லாக் எல்லாம் க்ளீனா இருக்கு, ஆனா புரொடக்ஷன்ல பக் இருக்கு. நம்ம பொழப்புல தினம் பார்க்கிறதுதானே.

மாத்திரை இருக்கான்னு கேட்டேன். டமாக்ஸிஃபென்னு ஒண்ணு இருக்கு, மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கிறது. வீங்கி, வலியெடுக்கிற ஆரம்ப மாசங்கள்ல கொடுத்தா நல்லாக் கேட்குமாம். ஒரு வருஷம் தாண்டிட்டா உள்ள இருக்கிற திசு நார் நாரா இறுகிடும், அப்புறம் மாத்திரைக்கு அங்க வேலை இல்ல. எனக்கு ஆகியிருந்தது பதினாலு வருஷம். பதிமூணு வயசுப் பையன் வீட்டுல இருக்கிறவங்க இந்த வரியை இன்னொரு தடவை படிங்க.

மிச்சம் ஆபரேஷன்தான். முதல்ல போனது முடி நடற, தழும்பு எடுக்கிற, எல்லாம் பண்ற ஒரு கிளினிக். டாக்டரைப் பார்க்கிறதுக்கு முன்னாடியே கோட்டு போட்ட ஒரு பையன் 'பேக்கேஜ்' அட்டையை நீட்டினான். இன்னிக்கே புக் பண்ணா பத்து சதவீதம் தள்ளுபடி, மாசத் தவணை உண்டு. தள்ளுபடி விலையில நெஞ்சை அறுத்துக்க மனசு வரலை. ரெண்டாவதா பார்த்தவர் ஒரு ஆஸ்பத்திரியோட பிளாஸ்டிக் சர்ஜன். பேப்பர்ல படம் போட்டார். 1973ல சைமன்கிறவர் வகுத்த படி இருக்கு: ஒண்ணு, ரெண்டுல ரெண்டு பிரிவு, மூணு. நான் ரெண்டுல முதல் பிரிவு, தோல் தொங்கலை, அதனால தோலை வெட்ட வேண்டாம். பக்கவாட்டுல சின்ன ஓட்டை போட்டுக் கொழுப்பை உறிஞ்சிட்டு, காம்பைச் சுத்தி இருக்கிற கருவட்டத்தோட கீழ் விளிம்புல கீறி வில்லையை எடுப்பாங்க. மொத்தமா வழிச்சு எடுத்தா அங்க தட்டு மாதிரிக் குழி விழுந்திடும், அதனால கொஞ்சம் விட்டுத்தான் வைப்பாங்க. நாலுல இருந்து ஆறு வாரம் இறுக்கமான உள்கச்சை. (பழகினதுதான்.) ரத்தம் கட்டலாம், காம்புல உணர்ச்சி மரத்துப் போகலாம், ரெண்டு பக்கமும் நூல் பிடிச்ச மாதிரி வராமப் போகலாம். இதெல்லாம் அவரா சொன்னார், நான் கேட்கலை. அதனாலயே அவரைப் பிடிச்சது.

ஒரு லட்சத்துப் பத்தாயிரம் ஆகும்னார். கம்பெனி இன்ஷூரன்ஸ்ல கேட்டா "அழகு சிகிச்சை, கவர் ஆகாது"ன்னு ஒரு வரி பதில். மே மாசத்துல ரெண்டு பனியன் போடறது அழகுக்கா?

பணம் இருக்கு. ஆனா வீட்டுல சொல்லணும். பொண்ணு பார்க்க ஆரம்பிச்சிருக்காங்க, அதுக்கு முன்னாடி முடிச்சிடணும்னு ஒரு எண்ணம். அம்மா கேட்டதும் அழுதாங்க. "நல்ல உடம்புல எதுக்குய்யா கத்தி வைக்கணும்? யாரு பார்க்கா? சட்டை போட்டா தெரியவா செய்யுது?" அவங்க சொல்றதும் நியாயம்தான். உயிருக்கு ஒண்ணும் இல்ல, வலி இல்ல, அப்படியே இருந்தா எண்பது வயசு வரைக்கும் ஒண்ணும் ஆகாது. எத்தனையோ பேரு கண்டுக்காம டி-ஷர்ட் மாட்டிக்கிட்டுத் திரியறாங்க, அவங்களைப் பார்த்தா எனக்குப் பொறாமையா இருக்கும். நானும் ஒரு வருஷம் அப்படி இருந்து பார்க்க முயற்சி பண்ணேன். ஒரு நீல டி-ஷர்ட் வாங்கினேன். அதைப் போட்டுக்கிட்டு பால் வாங்கப் போய்ட்டு வந்ததோட சரி.

அப்பா இதெல்லாம் பேசும்போது குறுக்கே பேசவே இல்ல. மறுநாள் காலையில மாடியில செடிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இருந்தேன், வந்து நின்னார். வழக்கம்போலத் துண்டை நெஞ்சு மேல குறுக்கே போட்டு ரெண்டு நுனியையும் கையில பிடிச்சிருந்தார். எனக்குத் தெரிஞ்சு எந்தக் கோடையிலயும் வெறும் உடம்போட அப்பா இருந்ததில்ல. ஆளுங்க முன்னாடி மரியாதைன்னு நினைச்சிருந்தேன்.

"எவ்வளவு ஆவும்னான்?"

சொன்னேன்.

"எனக்கும் உண்டும்லா. எங்க காலத்துல யாரு இதெல்லாம் கேட்டா..." கொஞ்ச நேரம் செடியையே பார்த்துக்கிட்டிருந்தார். "பாதி நான் தாரேன். உங்கம்மாட்ட நான் பேசிக்கிடுதேன்."

இப்ப தை மாசத்துக்குத் தேதி குறிச்சிருக்கு. மேனேஜர்கிட்ட ரெண்டு வாரம் லீவு கேட்டேன். என்ன ஆபரேஷன்னார், நெஞ்சுலன்னேன். "ஹார்ட்டா? இந்த வயசுலயா?"ன்னு எழுந்தே நின்னுட்டார். கதவைச் சாத்திட்டு விவரமாச் சொன்னேன். முதல் தடவையா ஆபீஸ்ல ஒரு மனுஷன்கிட்ட சொல்றேன், காதெல்லாம் சூடாயிடுச்சு. அவர் ஒரு நிமிஷம் சும்மா இருந்துட்டு, அந்த சர்ஜன் நம்பர் கிடைக்குமா, மச்சான் ஒருத்தனுக்கு வேணும்னார். கொடுத்தேன். லீவு சாங்ஷன் ஆயிடுச்சு. பத்தாம் தேதிக்குள்ள ரிலீஸை முடிச்சுக் கொடுக்கணுமாம், அந்த வேலைதான் இப்ப ஓடிக்கிட்டிருக்கு.